திட்ட வேண்டியது நகத்தை அல்ல

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. ஒரு பெண்ணின் கை. ஒவ்வொரு விரலிலும் ஓர் அங்குல நீளத்துக்கு நகம். அதில் கல், பூ, மினுமினுப்பு. கீழே ஒரு கேள்வி: ‘அம்மியில் அரைத்த மருதாணி எங்கே, இந்தப் பேய் நகம் எங்கே? நம் பண்பாடு எங்கே போகிறது?’ அரை மணி நேரத்தில் வரிசையாகக் கும்பிடும் கைதட்டலும் வந்து குவிந்தன. குழுவில் இருப்பவர்கள் எல்லாம் என்னைப்போல எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு என்றால் நானும் ஒரு கும்பிடு போட்டிருப்பேன். இப்போது போடமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழு நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நகத்தைப் பற்றிப் பேச இந்த கிளார்க்குக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இருக்கிறது. 1977 முதல் ஓய்வு பெறும் வரை எத்தனையோ தேர்தல்களில் எனக்கு பூத் டியூட்டி போட்டார்கள். அநேகமாக ஒவ்வொரு முறையும் என் தலையில் விழுந்த வேலை, இடது கை ஆள்காட்டி விரலில் அழியாத மை வைப்பது. 1962 தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வரும் மை அது. அதில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கறுக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் பிடித்துப் பார்த்த விரல்களைக் கணக்குப் போட்டால் பல ஆயிரம் வரும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் விரலைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில், அரசாங்கச் செலவில் ஊர்ப் பெண்களின் நகங்களையெல்லாம் பார்த்தவன் நான்.

1977-ல் நாற்று நட்ட விரல்களும் மீன் அறுத்த விரல்களும் வந்தன. நகக்கண்ணில் சேறு. சிலருக்கு எந்தக் கல்யாணத்துக்கோ இட்ட மருதாணி நுனியில் மட்டும் மிச்சமிருக்கும். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக ஆறு மாதம் ஆகும். ஆகவே மருதாணி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தே விசேஷம் எப்போது நடந்தது என்று சொல்லிவிடலாம். 1989-ல் கல்பாக்கம் அணுமின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. டவுன்ஷிப்புக்குப் பல மாநிலத்துக் குடும்பங்கள் வந்திருந்தன. நம் புதுப்பட்டினம் கடைத்தெருவில் வளையல் கடைகளில் சிவப்பு பாட்டில்கள் தொங்கின. எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் நமக்கு அது ‘கியூடெக்ஸ்’தான். 2006-ல் மை வைக்கும் முறையே மாறியிருந்தது. நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை கோடாக இழுக்கவேண்டும். ஒரு கல்லூரிப் பெண், ‘சார், நேத்துதான் பாலிஷ் போட்டேன், கொஞ்சம் ஓரமா வைங்க’ என்றாள். சட்டத்தில் ஓரத்துக்கு இடமில்லை என்று சொல்லிக் கோட்டை இழுத்தேன். அவள் முகம் போன போக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

ஆக, நகத்தை அழகுபடுத்துவது நேற்று வந்த பைத்தியம் அல்ல. அதைத் திட்டுவதும் நேற்று வந்ததல்ல. இதற்கு என் வீட்டுக் கதையே சாட்சி.

நான் பிறந்ததும் படித்ததும் புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். திங்கட்கிழமை தோறும் எங்கள் மதாம் ‘மொந்த்ரே லே மேன்’ என்பார். கைகளைக் காட்டு என்று அர்த்தம். நகக்கண்ணில் அழுக்கு இருந்தால் ஸ்கேலால் ஓர் அடி. அடிக்கிற அந்த விரல்களில் பளபளவென்று சிவப்பு ‘வெர்னி’ இருக்கும். அது நாகரிகம் என்று நினைத்தோம். அப்போது சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் புதுச்சேரியில் பல உண்டு. என் பெரியம்மாவும் அப்படி வந்தவர். அவர் கொண்டுவந்த ஒரு சின்ன பாட்டிலை என் அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா பத்து விரலுக்கும் பூசிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றாள். மதாம் கையில் நாகரிகமாக இருந்தது, மகள் கையில் அப்பாவுக்கு வேறு மாதிரி தெரிந்தது. ‘இதை எடுத்துவிட்டுத்தான் சாப்பாடு’ என்றார். அழிக்கும் திரவம் வீட்டில் ஏது? அக்கா பழைய பிளேடால் சுரண்டினாள். கட்டைவிரலில் ரத்தம் வந்தது. அக்காவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. போனில் கேட்டேன். ‘ரத்தம் வந்தது மறந்துபோச்சுடா. நீங்கள்லாம் சிரிச்சது மறக்கலை’ என்றாள்.

ஆமாம், நானும் சிரித்தேன். இப்போது வாட்ஸ்அப்பில் நாம் சிரிப்பதும் அதே சிரிப்புதான்.

‘அந்நிய மோகம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எது அந்நியம்? கியூடெக்ஸ் அமெரிக்காக்காரர்களுடையது. பிறகு 1952-ல் டாடா கம்பெனி ‘லாக்மே’யை ஆரம்பித்தது. அந்தப் பெயர் நம் லட்சுமிதான். லட்சுமியைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படி உச்சரித்து, 1883-ல் பாரிஸில் அரங்கேறிய ஓர் ஓப்பரா நாடகத்தின் கதாநாயகிக்கு வைத்தார்கள். புரோகிதர் மகள், வெள்ளைக்கார அதிகாரியைக் காதலித்து, கடைசியில் ஊமத்தை இலையைத் தின்று சாகிறாள். அந்தப் பெயர் பம்பாய்க்கு வந்து பாட்டில் ஏறியது. லட்சுமி பாரிஸ் போய் வந்தால் அந்நியமா, சுதேசியா?

அடுத்தது ‘பிரெஞ்ச் மேனிக்யூர்’. மாமல்லபுரத்தில் ஓர் அழகு நிலையப் பலகையில் பார்த்தேன். இளஞ்சிவப்பு நகம், நுனியில் மட்டும் வெள்ளைக் கோடு. பிரெஞ்சு படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இதற்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தம் மிகக் கொஞ்சம். 1970-களில் ஹாலிவுட்டில் நடிகைகள் உடை மாற்றும்போதெல்லாம் நகச்சாயமும் மாற்ற நேரமில்லாததால், எல்லா உடைக்கும் பொருந்துகிற மாதிரி ஜெஃப் பிங்க் என்பவர் பிரபலமாக்கியது. பிரான்ஸிலேயே பெண்கள் அதை ஆங்கிலத்தில் ‘ஃப்ரெஞ்ச்’ என்றுதான் கேட்கிறார்கள். நகத்தில் பண்பாட்டைத் தேடினால் இப்படித்தான், வியாபாரியின் கற்பனைதான் கையில் கிடைக்கும்.

அப்படியானால் ஒன்றுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. நாம் கவனிக்காத இடத்தில் மாறியிருக்கிறது.

மருதாணியை அக்காவோ அத்தையோ அரைத்து, கொல்லையிலோ திண்ணையிலோ உட்கார்ந்து விரலுக்குத் தொப்பி வைத்துவிடுவார்கள். கியூடெக்ஸை அவரவரே பூசிக்கொண்டார்கள். அந்தப் பூச்சு அந்தக் காலத்துக் கார் பெயிண்டின் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டுக்கும் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். வாடை வரும், காற்றில் காய்ந்துவிடும், அசிட்டோனில் கரைந்துவிடும். இன்றைய நீள நகம் அப்படியல்ல. அது நம் வாயிலிருக்கும் பல்செட்டின் உறவுக்காரன். 1950-களில் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவர் தன் உடைந்த நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கால் ஒட்டிப் பார்த்ததில் தொடங்கியது என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். பிறகு ஜெல் வந்தது. புற ஊதா விளக்கின் கீழ் கையை வைத்தால் இறுகிக் கெட்டியாகும். இதை வீட்டில் அத்தை செய்ய முடியாது. கடை வேண்டும், ராவி எடுக்கும் மெஷின் வேண்டும், வேலைக்கு ஒரு பெண் வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நாம் யாரும் பேசவில்லை.

எங்கள் எதிர்வீட்டு அம்மாளின் பேத்தி பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கடையில் நகம் ஒட்டும் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் நீள நகம். ஸ்பூனால் சாப்பிட்டாள். என் வாய் சும்மா இருக்குமா?

‘என்னம்மா, இந்த நகத்தோட சாதம் பிசைய முடியாதுன்னா எதுக்கு இந்த வேஷம்?’

‘நகத்தால இல்ல தாத்தா, இதாலதான்’ என்று கையைத் திருப்பிக் காட்டினாள். விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிந்து சிவந்திருந்தன. சாம்பார் பட்டால் எரியுமாம். ‘ஜெல் அலர்ஜின்னு டாக்டர் சொல்றார். வேலையை விடச் சொல்றார். நகத்தைக் கடையிலயே வெச்சுவிடறாங்க, கஸ்டமர் பாக்கணும்ல’ என்றாள். ஜன்னல் இல்லாத ஏ.சி. அறை. நாளெல்லாம் ராவிய தூள். போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய கையுறை. பாட்டிலில் சீன எழுத்து தவிர ஒன்றும் இல்லை. தம்பி படிப்பு முடியும்வரை விடமுடியாது என்றாள்.

அன்று எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

பிறகு விசாரித்தேன், படித்தேன். இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அதே இனத்து ரசாயனங்கள் பல் அடைக்கவும் மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சையின் சிமெண்டிலும் பயன்படுகின்றன. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு வந்த ஒவ்வாமை, நம் வயதில் அவள் மூட்டு மாற்ற வேண்டிவந்தால் அங்கேயும் வந்து நிற்கலாம்.

வெளியூரில் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். 1975-ல் வியட்நாம் போர் முடிந்து கலிபோர்னியா முகாமுக்கு வந்த அகதிப் பெண்கள் இருபது பேருக்கு, டிப்பி ஹெட்ரன் என்ற ஹாலிவுட் நடிகை நகக்கலை கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். இன்று அமெரிக்க நகக் கடைகளில் பெரும்பங்கு வியட்நாமியர் கையில் இருக்கிறது. என் பெரியம்மாவின் பாட்டில் வந்த அதே சைகோன்! பல குடும்பங்களை வாழவைத்த தொழில், ஆகவே கேவலமான தொழில் இல்லை. ஆனால் 2015-ல் நியூயார்க்கில் அந்தப் பெண்களின் கூலியையும் நோயையும் பற்றி ஒரு செய்தித்தாள் விரிவாக எழுதியபோது, மாநில ஆளுநரே தலையிட்டுக் கையுறை, முகக்கவசம், கூலி விதிகளைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய ஒன்றியம் ஜெல்லை இறுகவைக்கும் டி.பி.ஓ. என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தி, 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. அங்கே யாரும் பெண்களின் நகத்தைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பாட்டிலையும் கடையையும் கேள்வி கேட்டார்கள்.

‘நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?’ என்று பெருமூச்சு விடுவீர்கள். நடந்திருக்கிறது. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்த பெண்களுக்காக, 2021-ல் நம் சட்டப்பேரவை கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுத்தது. ஒரு நாற்காலியைச் சட்டத்தில் எழுத முடியும் என்றால் ஒரு ஜன்னலையும் எழுத முடியும். பாட்டிலுக்கோ விதி ஏற்கெனவே இருக்கிறது. 2020-ன் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி லேபிளில் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், உபயோகிக்க வேண்டிய காலக்கெடு இருக்கவேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன்: விதி இருந்து, கேட்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். கேட்டு மனு போடுவதற்கு நம்மைவிடத் தகுந்தவர்கள் யார்? நமக்கு நேரம் இருக்கிறது, மனு எழுதத் தெரியும், எந்த மேசைக்கு எந்த மனு போகும் என்பதும் தெரியும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீள நகத்தோடு நர்ஸ் ஊசி போட வந்தால் நானும் கையை இழுத்துக்கொள்வேன். மருத்துவமனையில் நோயாளியைத் தொடுபவர்கள் ஒட்டு நகம் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அது சுகாதாரம். அதைப் பண்பாட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். மருதாணியும் அப்பாவி என்று எண்ணவேண்டாம். சீக்கிரம் கறுக்கவேண்டும் என்று தலைமுடிச் சாயத்தின் ரசாயனம் கலந்த ‘கறுப்பு மருதாணி’ போட்டுக் கொப்புளம் வந்தவர்கள் உண்டு. அங்கேயும் கேட்கவேண்டியது கோனில் என்ன இருக்கிறது என்றுதான்.

குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேத்தி நகம் ஒட்டிக்கொண்டு வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். எந்தக் கடை, பாட்டிலில் என்ன எழுதியிருந்தது, ஒட்டிவிட்ட பெண் கையுறை போட்டிருந்தாளா, அறையில் காற்று வந்ததா என்று கேளுங்கள். பத்துத் தாத்தா கேட்டால் பேத்தி கடையில் கேட்பாள்.

எதிர்வீட்டுப் பெண் இன்னும் காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். தமிழில் ஒன்றரைப் பக்கம். அவள் கையெழுத்துப் போட பயந்தாள், வேலை போய்விடுமாம். நான் போட்டேன். கீழே இன்னும் நிறைய இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம். காபி உண்டு.