வாய்க்கருவியும் காலக்கணக்கும்

கோணிய பற்களைச் சீர்செய்தற்கு மருத்துவர் தரும் கருவிகள் இருவகைய. ஒன்று, பல்லிலேயே ஒட்டப்பெறுவது. மற்றொன்று, அணிபவர் தாமே கழற்றி மாட்டுவது. முன்னதன் வெற்றி பெரிதும் மருத்துவர் கைத்திறத்தைச் சார்ந்தது. பின்னதன் வெற்றியோ அணிபவரின் விடாமுயற்சியைச் சார்ந்தது. ஆகலின், அக்கருவி நாடோறும் எத்துணை நேரம் வாயில் இருந்தது என்னும் வினா எழுகின்றது.

பல் என்பது எலும்பில் அறையப்பட்ட ஆணியன்று. மெல்லிய அழுத்தம் நீடித்து நிற்குமாயின், அழுத்தமுற்ற பக்கத்து எலும்பு கரையும். எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளரும். பல் மெல்ல இடம்பெயரும். அழுத்தம் சிறுபொழுதே நிற்பின் இம்மாற்றம் நிகழாது. இதனாலன்றோ, பற்களின்மேல் உறைபோற் பொருந்தும் ஒளிபுகு தட்டுகளை அணிவோர்க்கு நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் விதிக்கின்றனர்!

முன்னாளில் மருத்துவர், அணிபவர் கூறிய சொல்லையே நம்பினர். 1970களில், தலையிற் பூட்டி அணியும் கருவியில் காலங்காட்டி பொருத்தும் முயற்சி தோன்றிற்று. பின்னர் ஆஸ்திரியா நாட்டில் உருவான தெராமான் என்னும் நுண்கருவி, தட்டின் அக்ரிலிக்கினுள்ளேயே பதிக்கப்பெறுகின்றது. அது 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். வாயின் வெப்பம் காணப்படின் அணியப்பட்டது என்றும், அஃது இல்லையெனின் கழற்றப்பட்டது என்றும் கணக்கிடுவர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வாய்க்கு வெளியே பூட்டும் கருவிகளைப் பொறுத்தவரை, அணிந்ததாகக் கூறிய நேரம் அளந்தறிந்த நேரத்தினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி மிகுந்திருந்ததெனக் காட்டிற்று.

இதுகொண்டு அணிவோரைப் பொய்யர் எனல் தகுமோ? தகாது. அவருட் பலர் சிறுவர். உணவுக்கும் விளையாட்டுக்கும் கழற்றி வைத்த பொழுதுகளை யார்தாம் நினைவிற்கொண்டு கூட்டுவர்?

ஆதலின் எம் கருத்து இது: காலத்தை அளக்க, ஆயின் அணிபவர் அறியாது அளவற்க. மறைவில் அளந்தாலன்றி உண்மை புலப்படாதென்பார் உளர். மருத்துவரின் நோக்கம் குற்றங் காண்பதன்று, பல்லைச் சீராக்குவதே. வேவு பார்க்கப்பட்டதை ஒருநாள் அறியும் சிறுவன், அதன்பின் தன் மருத்துவரிடம் எதனை மனந்திறந்து உரைப்பான்? அறிவித்து அளப்பின், அக்கணக்கு அவனுக்கே துணையாம். முறைப்படி அணிந்தும் பல் அசையாத பிள்ளை வீண்பழி சுமவாது காக்கப்படுவான். கருவியின் அமைப்பை மாற்றவேண்டுமென மருத்துவரும் உணர்வர்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. அந்நுண்கருவி வெப்பத்தை அறியுமேயன்றிக் காரணத்தை அறியாது. ஈறு புண்பட்டதாலோ, பேச்சுக் குழறித் தோழர் நகைத்ததாலோ கழற்றினானென்பது அதற்குப் புலனாகாது. அதனைக் கேட்டறிதல் மருத்துவர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடன். கணக்கைக் கண்டவுடன் கடிந்துரையாது, "ஏன் அப்பா கழற்றினாய்?" என அன்புடன் வினவுவாராக.