முதலில் தண்ணீர், பிறகே மருந்து

பறவைக் காய்ச்சல் அச்சம் எழும்போதெல்லாம் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் வாசலில் வண்டிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளிப்பார்கள். சேறும் எச்சமும் அப்பிய சக்கரத்தை முதலில் தண்ணீரால் கழுவ வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான். பண்ணையாளர்களுக்குப் பாலபாடமான இந்த வரிசை, நோயாளியின் கட்டிலருகே தலைகீழாகிவிடுகிறது என்பதே எங்கள் மனக்குறை.

தரையில் கிடக்கும் வாந்தியின் மேலேயே பிளீச்சிங் கரைசலை ஊற்றி, உடனே துடைத்துவிடுகிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் கிருமி ஒழிந்தது என்ற நம்பிக்கை. பிளீச்சிங்கில் உள்ள குளோரின் வைரஸின் புரதங்களையும் மரபுப்பொருளையும் சிதைப்பது உண்மையே. ஆனால் அது வைரஸை மட்டும் தேடிச் செல்வதில்லை. மலம், இரத்தம், வாந்தி என எதிர்ப்படும் எல்லாவற்றோடும் வினைபுரிந்து வலுவிழந்துவிடும். ஆகவே கையுறை அணிந்து அழுக்கை அகற்றி, சோப்பு நீரால் கழுவிய பின்னரே கரைசலை ஊற்றுங்கள். பத்து நிமிடமாவது தரை ஈரமாக இருக்கட்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 20 மில்லி லிட்டர் எடுத்து, ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்தால் போதும். அன்றன்று கலக்க வேண்டும். நேற்றைய கரைசலுக்கு வீரியம் குறைவு. கழிவறை ஆசிட்டோடு மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

சானிடைசர் பற்றியும் ஒரு சொல். கொரோனா, இன்ஃப்ளுயென்சா வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் ஆகியவற்றுக்கு அத்தகைய உறை இல்லாததால் அவை எளிதில் மடிவதில்லை. வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனிப்பவர்கள் சோப்பிட்டு ஓடும் நீரில் கை கழுவுவதே சரி.

2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டது. பிற ஊர்களும் அதைப் பின்பற்றின. அச்சத்தில் செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் உடலுக்குள் இருக்கும் வைரஸை மேலே தெளிக்கும் மருந்து தொடாது. கண்ணும் தோலும் மூச்சுக்குழாயும்தான் எரியும். மனிதர்கள் மீது தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் அறிவுறுத்தியது.

வார்டுக்குள் வரும் பார்வையாளர்கள் மீது மருந்து தெளிக்கக் கூடாதா என்று இன்றும் சிலர் அக்கறையோடு கேட்கிறார்கள். நாங்கள் மறுத்து, குழாயையும் சோப்பையும் காட்டுகிறோம்.