பழைய ஊசி தட்டைத் தின்னும்!

தாத்தா காலத்துக் கிராமபோன் பெட்டியோடு ஒரு சின்னத் தகர டப்பா வரும். அதற்குள் எஃகு ஊசிகள் இருக்கும். தட்டின் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஊசி மாட்ட வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தக் காலத்து அரக்குத் தட்டில் கல் பொடி கலந்திருந்தது. அது ஊசியைத் தேய்த்து, பள்ளத்துக்கு ஏற்ற வடிவுக்குக் கொண்டு வந்தது. தட்டு ஊசியைத் தின்றது. ஊசி மலிவு. ஆகவே யாருக்கும் கவலை இல்லை.

1948-ம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் "லாங் பிளே" தட்டைக் கொண்டு வந்தது. வினைல் என்னும் மிருதுவான பொருளால் ஆன தட்டு அது. பிறகு வைர ஊசியும் வந்தது. நிலைமை தலைகீழாக மாறியது. இப்போது தேய்ந்த ஊசி தட்டைத் தின்கிறது!

இசைத்தட்டுக் கருவி மறுபடியும் வீடுகளுக்குள் வந்து கொண்டிருக்கிறது. பரணில் கிடந்ததைத் துடைத்து எடுக்கிறார்கள். தட்டு சுற்றுகிறது. பாட்டுத்தான் வரவில்லை. "கார்ட்ரிட்ஜ் போய்விட்டது" என்கிறார் பழுது பார்ப்பவர். புதிதாக வாங்குவதா, பழையதாக வாங்குவதா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

கார்ட்ரிட்ஜ் என்பது கருவியின் கைநுனியில் இருக்கும் சிறிய பெட்டி. அதன் அடியில் ஊசி. ஊசி முனையில் ஒரு துளி வைரம். தட்டின் பள்ளத்தில் வைரம் ஆடுகிறது. அதோடு ஒரு சிறு காந்தமும் ஆடுகிறது. பக்கத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம்தான் ஒலிபெருக்கியில் பாட்டாகிறது.

வைரம் தேயுமா?

தேயும். ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடை சுமார் இரண்டு கிராம்தான். ஒரு ரூபாய் நாணயம்கூட அதைவிடக் கனம். ஆனால் அந்த எடை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முனையில் இறங்குகிறது. தூசியும் சேர்ந்து கொள்கிறது. உருண்டையாக இருந்த முனையின் இரு பக்கமும் தட்டையாகி, ஓரம் உளி போல் கூர்மையாகிவிடும். அந்த உளி பள்ளத்தைச் செதுக்கிக் கொண்டே போகும். "ஸ" என்ற எழுத்து வரும் இடமெல்லாம் சீறும். ஒருமுறை செதுக்கிய பள்ளத்தை யாராலும் சரி செய்ய முடியாது.

உருண்டை முனைக்குச் சுமார் 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்குச் சுமார் 300 மணி நேரம் என்று ஜப்பானின் ஆடியோ டெக்னிகா நிறுவனம் கணக்குச் சொல்கிறது. தினம் ஒரு தட்டு, முக்கால் மணி நேரம் கேட்கிறவர் வீட்டில் 300 மணி என்பது 400 நாள். ஒரு வருஷமும் ஒரு மாதமும்!

மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரம் காட்ட மீட்டர் இருக்கிறது. ஊசியில் மீட்டர் கிடையாது. "கொஞ்ச நாள்தான் ஓடியது" என்று விற்பவர் சொன்னால் சொன்னதுதான். அவர் பொய் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. அவருக்கே தெரியாது.

முன்பு சென்னையில் பழைய பொருள் வாங்க மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் அது தீக்கு இரையாயிற்று. அங்கே சாமானைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துப் பேரம் பேசலாம். இன்று கார்ட்ரிட்ஜ் செல்போனில் படமாக வருகிறது. படத்தில் முனை தெரியுமா? நல்ல பூதக்கண்ணாடி வைத்தாலே தேய்மானம் தெரிவது கஷ்டம். நுண்நோக்கி வேண்டும்.

பெட்டி பழசு, ஊசி புதுசு

அதற்காகப் பழையதைத் தொடவே கூடாது என்பதில்லை. காந்தம் ஆடும் வகையில் ஊசியை மட்டும் தனியே உருவிவிட்டு வேறு ஊசி செருகலாம். பெட்டிக்குள் இருப்பது கம்பிச் சுருள். அதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒலி சமமாக வந்தால் பெட்டி நல்ல பெட்டி. அதை மலிவாக வாங்கிப் புது ஊசி போடுவது புத்திசாலித்தனமே. அமெரிக்காவின் ஷ்யூர் நிறுவனம் 2018-ல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் ஷ்யூர் பெட்டிகளுக்கு ஜப்பானின் ஜிகோ நிறுவனம் ஊசி செய்து தருகிறது. அது ஆதியில் தையல் ஊசி செய்த நிறுவனம்!

ஆனால் பழைய பெட்டியின் விலையோடு புது ஊசியின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பல சமயம் முழுப் புதுக் கார்ட்ரிட்ஜின் விலையே அதைவிடக் குறைவாக இருக்கும்.

கம்பிச் சுருள் ஆடும் வகை வேறு. அதில் ஊசியை உருவ முடியாது. புதிதாக வாங்கினால் விலை அதிகம் என்பதால் பழையதில் ஆசை வரும். ஊசி தேய்ந்தால் முழுவதையும் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இந்த வம்பு வேண்டாம்.

"நாற்பது வருஷமாகப் பிரிக்காத டப்பா, புத்தம் புதுசு" என்று சிலர் விற்கிறார்கள். இதிலும் உஷார்! ஊசியைத் தாங்கும் ரப்பர் டப்பாவுக்குள் இருந்தே இறுகிப் போகும். வைரம் புதிதாக இருந்தும் பயனில்லை. பழைய சிறிய கருவிகளில் ஒரு வகை உப்புப் படிகத்தால் ஆன கார்ட்ரிட்ஜ் இருக்கும். ஈரக்காற்று அதற்கு விஷம். சென்னை போன்ற கடலோர ஊரில் அது உயிரோடு இருந்தால் அதிசயம்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத் தட்டு 1963-ல் வந்தது. அதற்குப் போடும் ஊசியை, ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக நாதஸ்வரத் தட்டுக்குப் போடக் கூடாது. அது நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய அரக்குத் தட்டு. அதன் பள்ளம் அகலம். லாங் பிளே ஊசி அதற்குள் விழுந்து அடித்தரையில் உரசும். 78 தட்டுக்கென்றே தடித்த முனை ஊசி இருக்கிறது. ஆடியோ டெக்னிகாவும் டென்மார்க்கின் ஆர்ட்டபோனும் அதைப் புதிதாகவே செய்து விற்கின்றன. கேட்கும்போது "78 ஊசி" என்று சொல்லிக் கேட்க வேண்டும்.