ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளருக்கு வீடு: ஒரு நிலைப்பாடு

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்தில் தொழிலாளி குடியிருந்த வீடு பெரும்பாலும் சுரங்க முதலாளிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். முதுமையில் பிள்ளைகள் வீட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டும். அதற்கும் வழியில்லாதவருக்கு ஏழையர் விடுதி. இந்த அவலத்தை மாற்ற முனைந்தவர் ஜோசப் ஹாப்பர். சுரங்கத் தொழிலாளியான அவர் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்தவர். 1898-இல் முதிய சுரங்கத் தொழிலாளருக்கான இல்லச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே ஹாஸ்வெல் மூரில், சுரங்கம் மூடியதால் ஆளின்றிக் கிடந்த 112 வீடுகளை அது வாங்கியது. பெயருக்குத்தான் தர்மம், சங்கத்தைத் தாங்கியது தொழிலாளர் தம் கூலியில் விட்டுக்கொடுத்த சிறு தொகை.

இந்தியாவில் 1947-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் நிலக்கரி மீது தீர்வை விதித்து, அதில் ஒரு பங்கை வீட்டு வசதிக்கு ஒதுக்கியது. ராணிகஞ்ச், ஜரியா வட்டாரங்களில் ‘தௌரா’ எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் நெரிசலுக்கு அது ஓரளவு மாற்று. ஆனால் அந்த வீடுகளும் வேலையில் இருப்பவருக்கே. 1986-இல் சட்டம் நீக்கப்பட்டது. ஓய்வுபெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

கோலார் தங்கவயலின் கதை வேறு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்வைத்தபின், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர் திரளாகச் சென்றனர். மூங்கில் தட்டியும் தகரமும் கொண்ட ‘லைன்’ வீடுகளில் தலைமுறைகள் வாழ்ந்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பலர் அதே வீடுகளில் தங்கி, அவற்றைத் தமக்கே உரிமையாக்கக் கேட்டுப் போராடினர். வெளியேற்றவும் இல்லை, உரிமை தரவும் இல்லை என்ற இழுபறி வெளியேற்றத்தைவிட அதிகம் மேலானதல்ல.

ஓய்வுபெற்றவர் இடம் விடாவிட்டால் புதியவருக்கு வீடில்லை என்ற நிர்வாகங்களின் வாதம் நியாயமானதே. ஆயினும் மூடிய சுரங்கங்களை ஒட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. நிலம் உள்வாங்கும் அபாயமோ நிலத்தடித் தீயோ இல்லாத இடங்களில், அவ்வீடுகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவருக்கும் அவர்தம் விதவைகளுக்கும் ஆயுள் உரிமையில் வழங்க வேண்டும் என்பது கொல்கத்தாவின் டாலிகஞ்சில் இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. விற்கும் ஒவ்வொரு டன் நிலக்கரியிலிருந்தும் ஒரு சிறு தொகை இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். நிதியை நிர்வகிக்கும் குழுவில் ஓய்வுபெற்ற தொழிலாளரும் இடம்பெற வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கோல் இந்தியா இதில் முதலடி எடுத்துவைக்க வேண்டும்.