பேர் ஒண்ணு... ஆள் வேற!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது இட்லியைப் பிட்டு வாயில் போடும் நேரம் பார்த்து அக்கா வந்தாள். கையில் கர்ச்சீப் முடிச்சு. பின்னாலேயே அவள் மகன், நம்ம மாப்பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு. கர்ச்சீப்பில் முடிச்சு என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு அர்த்தம்தான். நகை அடகுக்குப் போகிறது!

"தம்பி, இவனுக்கு ஏதோ கிராபிக்ஸ் கார்டு வேணுமாம்ல? ரேஷன் கார்டு, ஆதார் கார்டெல்லாம் சும்மாவே குடுக்குறாக. இந்தக் கார்டு வெச்ச லேப்டாப்பு ஒன்றரை லட்சமாம்! நீதான் பத்திரிகையில எழுதுறியே, என்னான்னு கேளு."

(பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி ஜீவன் என் அக்காதான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனசு வரவில்லை.)

மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா... திண்டுக்கல்லில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், சொந்தக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் ஃபிளெக்ஸ் டிசைன்காரனுக்குத் தெரிந்துவிடும். கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் உண்டு. சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலைக்குப் புது டிசைன் கேட்டும் வருவார்கள். கடை சாத்திய பிறகு ராத்திரி பன்னிரண்டு வரை அதே லேப்டாப்பில் யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான்.

"விளையாடத்தானேடா ஒன்றரை லட்சம்?" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "இல்ல மாமா. போன ஆவணியில ஒரு ஆல்பம் கெட்டுப் போச்சு. முகூர்த்தப் புடவை நல்ல அரக்கு. பிரிண்ட் போட்டு வந்தா, தீயணைப்பு வண்டி மாதிரி செக்கச்செவேல்னு இருக்கு. பொண்ணு முகம் கமலா ஆரஞ்சு. அந்தப் பொண்ணோட அம்மா கடையில நின்னே அழுதுருச்சு. பாக்கி 18,000 தர மாட்டேன்னு போயிட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல மாமா, அந்தம்மா அழுததுதான்... கார்டு பத்தல. அதான்."

கையில் 85,000 சேர்த்து வைத்திருக்கிறானாம். மீதி 65,000-க்குத்தான் அக்காவின் செயின்.

விஷயம் விளையாட்டில்லை என்று புரிந்தது. இட்லியை முடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை அக்காவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு என்பது என்ன? சுங்குடிச் சேலைதான்! பழைய முறையில் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சை அவிழ்த்தால் ஒரு புள்ளி. இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சு. லேப்டாப் திரையும் புள்ளிதான். குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, ஆக மொத்தம் இருபது லட்சத்துச் சொச்சம். கேம் விளையாடும்போது இத்தனை புள்ளியையும் ஒரு விநாடிக்கு 60 தரம் புதிதாகப் போட வேண்டும். கணக்குப் போட்டால் 12 கோடியைத் தாண்டுகிறது!

பிராசசர் என்பவர் கைதேர்ந்த மேஸ்திரி. எந்தச் சிக்கலான வேலையையும் செய்வார். ஆனால் அவருக்கு இருப்பது சில கைகள்தான். கிராபிக்ஸ் கார்டு என்பது ஒரே நேரத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிற ஒரு ஊர். ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டில் அப்படி 3,072 பேர் இருக்கிறார்கள். கோர் என்று பெயர்.

"அம்மாடி! அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் குடுக்கணுமே" என்றாள் அக்கா.

சரியான பாயிண்ட்டைப் பிடித்தாள். டீ என்பது இங்கே கரண்ட். லேப்டாப் கார்டில் நடக்கிற தில்லுமுல்லு பூராவும் அதில்தான்.

எங்கள் ஊர்ப் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. வெளியூர்க்காரர் வந்தால் எடையைப் பார்ப்பார், பளபளப்பைப் பார்ப்பார். உள்ளூர்க்காரர் "லீவர் எத்தனை?" என்று கேட்பார். வெளியே ஒரே சைஸில் இரண்டு பூட்டு இருக்கும். உள்ளே இருக்கிற லீவர்தான் திருடனுக்குப் பதில் சொல்லும்.

லேப்டாப்பிலும் அதே கதை. 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 லேப்டாப் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 45 வாட்டிலும் ஓடும், 100 வாட்டிலும் ஓடும். எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் செய்கிற கம்பெனியின் இஷ்டம். இரண்டு லேப்டாப்பிலும் ஒட்டியிருப்பது ஒரே ஸ்டிக்கர்! ஒல்லியான உடம்பில் 50 வாட்டில் மூச்சு வாங்குகிற 5070-ஐ, நன்றாகக் காற்று போகிற 100 வாட் 5060 முந்திக்கொள்ளலாம்.

இன்னும் வேடிக்கை. மேஜைக் கம்ப்யூட்டரில் போடுகிற 5070-க்கு 12 ஜி.பி. நினைவகம், 250 வாட். அதே பெயரில் 2025-ல் லேப்டாப்புக்கு வந்த 5070-க்கு 8 ஜி.பி., அதிகபட்சம் 100 வாட். பேர் ஒண்ணு... ஆள் வேற! லேப்டாப் 5060-க்கும் அதே 8 ஜி.பி.தான். 2025-ல் வந்தவற்றில் 12 ஜி.பி. வேண்டுமென்றால் 5070 டி.ஐ. வரை ஏற வேண்டியிருந்தது.

கடையில் நோட்டீஸில் வாட் போட்டிருக்க மாட்டார்கள். கம்பெனியின் வெப்சைட்டில் அந்த மாடலைத் தேடினால் கிடைக்கும். லேப்டாப்பிலேயே என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்த்தாலும் தெரியும்.

அடுத்து, யாருக்கு எவ்வளவு கார்டு? போட்டோஷாப், கோரல்டிரா வைத்துப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் செய்கிறவருக்கு ராமும் பிராசசரும்தான் சாப்பாடு. கிராபிக்ஸ் கார்டு அப்பளம், இருந்தால் நல்லது. டாவின்சி ரிசால்வில் வீடியோ, பிளெண்டரில் முப்பரிமாணம் என்று போனால், கார்டுதான் சாப்பாடே. இயந்திர டிசைன் செய்கிற என்ஜினீயர்களுக்கென்று, சாஃப்ட்வேர் கம்பெனிகள் சோதித்துச் சான்று கொடுத்த தனி ரகக் கார்டு உண்டு. முன்பு அதற்குக் குவாட்ரோ என்று பெயர். ஆல்பம் போடுகிறவர் அதற்குச் செலவழிப்பது, மளிகைக் கடைக்கு பேங்க் லாக்கர் கதவு மாட்டுகிற மாதிரி. சாதாரண கேம் கார்டுக்கே டிசைன் வேலைக்கென்று ஸ்டுடியோ டிரைவர் 2019-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

(ராத்திரி சுடுகிற பிள்ளைகளை ரொம்பத் திட்டாதீர்கள். 1993-ல் அமெரிக்காவில் மூன்று பேர் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசி, கேம் படங்களுக்காக ஆரம்பித்த கம்பெனிதான் என்விடியா. 2025 அக்டோபரில் அதன் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. இன்றைய ஏ.ஐ. பெருமளவு ஓடுவது அவர்கள் சில்லுகளில்தான். நாமும் பிரியாணிக் கடையில் உட்கார்ந்து பேசத்தான் செய்கிறோம். லெக் பீஸ் பற்றி.)

படிப்பு முடிந்தது. மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைப் பையன் 5070-ஐத் திறந்தான். கீபோர்டில் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி கலர் கலராக லைட். அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

நான் மாப்பிள்ளையைக் கேட்டேன். "அந்த அரக்குப் புடவை போட்டோ இருக்கா?"

பென் டிரைவில் வைத்திருந்தான். அதை நாலு லேப்டாப்பில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கடையே கூடிவிட்டது. ஒரே போட்டோ. ஒன்றில் புடவை வெளுத்த செங்கல். இன்னொன்றில் காய்ந்த மருதாணி. மூன்றாவதில் அசல் அரக்கு, ஜரிகை உட்பட! அந்த மூன்றாவதில் இருந்தது 5060. வெளுத்த செங்கல் காட்டியதும் 5060-தான்.

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான்.

கார்டு கணக்குப் போடும். கலரைக் கண்ணுக்குக் காட்டுவது திரை. மலிவான கேம் லேப்டாப்புகள் பலவற்றில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று ஒரு திரை வைக்கிறார்கள். எஸ்.ஆர்.ஜி.பி. என்கிற வழக்கமான கலர் அளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அது காட்டும். மாப்பிள்ளையின் பழைய லேப்டாப்பிலும் அதே திரைதான். புடவை மங்கலாகத் தெரிந்திருக்கிறது. இவன் கலரை ஏற்றியிருக்கிறான். இன்னும் மங்கல். இன்னும் ஏற்றியிருக்கிறான். திரையில் சரியாக வந்தபோது, உள்ளே தீயணைப்பு வண்டி தயாராகிவிட்டது!

"ஒன்றரை லட்சம் குடுத்துக் கார்டை மாத்தி, திரை மறுபடி அப்படியே அமைஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவன், அம்மாவின் கர்ச்சீப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி. திரை, 100 வாட் 5060, 16 ஜி.பி. ராம், அதைக் கூட்டிக்கொள்ள ஒரு காலி ஸ்லாட். விலை 1,10,000. ராமைப் பிற்பாடு கூட்டலாம். கிராபிக்ஸ் கார்டை மாற்ற முடியாது. மதர்போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்தது. அதனால்தான் வாங்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடைப் பையன் இன்னொன்றும் சொன்னான். முழு வேகம் சார்ஜர் சொருகியிருந்தால்தான். பேட்டரியில் பாதி மூச்சு. வேலை செய்யும்போது மெத்தையில் வைத்தால் காற்று அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். 'மடிக்கணினி' என்று பெயர் வைத்தவர் இந்த ரகத்தை மடியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். தொடையில் ஆம்லெட் போடலாம்!

85,000 போக, குறைந்தது 25,000. அக்கா கர்ச்சீப்பை அவிழ்க்கப் போனாள். நான் தடுத்து, "கழுத்துல போடுக்கா" என்றேன். மாசாமாசம் திருப்புவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறான். (இந்த வரியை என் மனைவி படிக்காமல் இருக்க வாசகர்கள் பிரார்த்திக்கவும்.)

வாங்கிய அன்று ராத்திரியே அந்த ஆல்பத்தில் கலர் கெட்ட ஆறு பக்கத்தைத் திருத்தி, தன் செலவில் பிரிண்ட் போட்டு, அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். பாக்கியைப் பற்றி வாயைத் திறக்கவில்லையாம். அந்தம்மா பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான்ப்பா எங்க புடவை" என்றார்களாம். மறுநாள் மாப்பிள்ளையின் போனுக்கு 18,000 வந்து சேர்ந்தது.

அதில் 5,000-ஐ என்னிடம் நீட்டவும் செய்தான். பையன் விளங்கிவிடுவான்.

எல்லாம் சுபம் என்று நினைத்த நேரத்தில் அக்கா வந்தாள். லேப்டாப்பை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, லேப்டாப்பு இருக்கு. அந்தக் கார்டு எங்க?"

"அது உள்ளே பத்த வெச்சதுக்கா. வெளிய எடுக்க முடியாது."

"இம்புட்டுக் காசு குடுத்து வாங்கின கார்டை யார்கிட்டயும் எடுத்துக் காட்டக்கூட முடியாதா? போடா... இதுக்கு ரேஷன் கார்டே தேவல. காட்டினா அரிசியாச்சும் போடுவான்!"