கோட்டுக்கு வெளியே இருக்கும் கண்மாய்

2024 டிசம்பர் கடைசியில் டெல்லியிலிருந்து ஒரு சமரச யோசனை வந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விடப்பட்டிருந்த நாயக்கர்பட்டி சுரங்கப் பகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர், ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர். அதில் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்த பகுதி சுமார் 193 ஹெக்டேர். அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை மத்திய சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. காகிதத்தில் நியாயமான யோசனைதான். பாதுகாக்கப்பட்டது எதுவோ அதைத் தொடமாட்டோம் என்கிறார்களே, இன்னும் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்டிருக்கலாம்.

ஊர்க்காரர்கள் ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் முழுவதுமாக ரத்தானது. அந்த வெற்றியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 193 ஹெக்டேரை விட்டுத்தருகிறோம் என்ற யோசனையை அந்த மக்கள் ஏன் மறுத்தார்கள் என்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை. நமக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு குன்றுகள். பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழை விழுந்தால் பாறை அதைக் குடிக்காது. வழித்துக் கீழே அனுப்பிவிடும். கொஞ்சம் சுனைகளில் தங்கும், மீதி வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு வரும். கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். 2022 நவம்பரில் வந்த அரசு அறிவிப்பே இங்கு 72 நீர்நிலைகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் இருப்பதாகச் சொல்கிறது. இவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. மலை ஓர் ஊரில், அதன் தண்ணீர் இன்னோர் ஊரில், அந்தத் தண்ணீரில் விளையும் நெல் மூன்றாவது ஊரில். 193 ஹெக்டேரைச் சுற்றி ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெடிவைத்துத் தோண்டினால் உள்ளே இருக்கும் சுனை எத்தனை நாளைக்குச் சுனையாக இருக்கும்?

பறவைகளுக்கும் அதே கணக்குதான். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளின் பெயர்கள் அறிவிப்பில் சிறப்பாக இடம்பெற்றவை. அவை பாறை இடுக்கில் குஞ்சு பொரிக்கும். இரை தேடுவது கீழே இருக்கும் வயலிலும் புதர்க்காட்டிலும் கண்மாய்க் கரையிலும். பாறையை மட்டும் காப்பாற்றிவிட்டு வயலைச் சுரங்கத்துக்குக் கொடுத்தால் மிஞ்சுவது வெறும் பாறை. அலுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் அரசிதழின் எல்லையைப் படித்துவிட்டு நடமாடுபவை அல்ல. ஆடு மேய்ப்பவர்களும் வயலில் நிற்பவர்களும் இதைத் தினமும் பார்க்கிறார்கள். அதனால்தான் வரைபடத்தை வைத்திருந்தவர்களுக்குப் பிடிபடாதது அவர்களுக்கு உடனே பிடிபட்டது.

மலைக்கு ஊர்க்காரர்கள் நிற்கும் இந்தக் காவல் நேற்று தொடங்கியதும் இல்லை. கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2,200 ஆண்டுகள். அங்கேயே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தின் அடியில் ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. அச்சணந்தி என்பவர் செய்வித்த திருமேனி அது என்று சொல்லும் அந்தக் கல்வெட்டு, அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது என்றும் சொல்கிறது. மன்னனின் படையிடமோ அதிகாரியிடமோ கொடுக்காமல், பக்கத்தில் குடியிருக்கிறவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மேலூரைச் சுற்றிக் கீழவளவு முதலிய இடங்களில் குன்றுகளைக் கட்டி கட்டியாக அறுத்துக் கப்பலேற்றிய கிரானைட் காலத்திலும் அரிட்டாபட்டி மலைகள் தப்பி நின்றதற்கு ஊரின் எதிர்ப்பே பெருங்காரணம். அந்தக் கொள்ளையை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்ததும், அவர் கண்டறிந்ததும் நாடறிந்த கதை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்துத்தான் மாநில அரசு பாரம்பரியத் தலத்தை அறிவிக்க முடியும். 41-ஆவது பிரிவுப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்னென்ன மரம், மூலிகை, மீன், நெல் ரகம் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. காட்டிலாகாக் கம்பிவேலிக்கு மாற்றாக, வாழ்கிறவர்களை வைத்தே காக்கலாம் என்று நம்பிய நல்ல சட்டம் இது.

நடந்தது என்ன? சட்டம் வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நாடு முழுக்கப் பெரும்பாலான ஊர்களில் குழுவே இல்லை. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020 ஜனவரி 31-க்குள் குழுவும் பதிவேடும் தயாராக வேண்டும், தவறினால் அந்த மாநிலம் மாதத்துக்கு 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்குப் பயந்து மளமளவென்று குழுக்கள் முளைத்தன. ஓர் ஊரின் தாவரங்களையும் விலங்குகளையும் பதிய நான்கு பருவங்களாவது வேண்டும். கெடுவுக்காக நிரப்பிய பதிவேட்டில் எந்த ஊரின் அறிவு இருக்கும்? உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரம் ஊராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அதிகாரம் சிதறிக் கிடப்பது இன்னொரு தொல்லை. கல்வெட்டு தொல்லியல் துறைக்கு. பல்லுயிர்த் தலம் என்ற பெயர்ப்பலகை பல்லுயிர் வாரியத்துக்கு. மண்ணுக்கு அடியில் இருப்பது கனிமவளத் துறைக்கு. கண்மாயிலும் பிரிவினை: நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். வரத்துக்காலில் ஒருவர் சுவர் எழுப்பிவிட்டால் ஊர்க்காரர் எந்த வாசலில் போய் நிற்பது? குடிமராமத்து இருந்த காலத்தில் மடை திறப்பதும் கரை அடைப்பதும் தூர் எடுப்பதும் ஊரின் வேலையாகவும் ஊரின் உரிமையாகவும் இருந்தன. உரிமையை எடுத்துக்கொண்ட அரசுகள் வேலையையும் சரியாகச் செய்யவில்லை.

பழைய ஊர்க்கட்டு அப்படியே திரும்பட்டும் என்று நாம் சொல்லவில்லை. மந்தையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் யார், எட்டி நின்று கேட்டுக்கொண்டவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். பெண்களுக்கு அங்கே இடமில்லை, சேரிக்கு இடமில்லை. கண்மாய்ப் புறம்போக்கை ஆக்கிரமித்தவர்களிலும் ஊர்ப் பெரியவர்கள் உண்டு. பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின் 2004-ஆம் ஆண்டு விதிகள் இந்த விஷயத்தில் ஊர் வழக்கத்தைவிட மேலானவை: குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அவை சொல்லின. மலையைச் சுற்றி விறகும் மூலிகையும் எடுத்து, ஆட்டை ஓட்டிக்கொண்டு போய், எந்தப் பாறையில் எப்போது கழுகு கூடு கட்டும் என்று அறிந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். அவர்களுக்கு நாற்காலி போடாத குழு மலையைக் காக்காது. மலைக்குப் பக்கத்தில் இருக்கும் மனையின் விலையைத்தான் காக்கும்.

ஊர் பொறுப்பெடுத்தால் நிலைக்குமா என்று கேட்பவர்கள் வேடந்தாங்கலைப் பார்க்கலாம். அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று விவசாயிகள் கேட்டு, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் அதை ஏற்று எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. சரணாலயச் சட்டமெல்லாம் வந்தது பல தலைமுறைக்குப் பிறகு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு இன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. 2025 மார்ச்சில் மாநிலத்தின் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டி கோயில்காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை, 4.97 தான். அந்தத் துண்டு இத்தனை காலம் பிழைத்தது வீரணசாமிக்கு ஊர் வைத்த பயபக்தியால்.

இத்தனைக்கும் நடுவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் 23-ஆம் தேதி மேலூர் வட்டார ஊர்கள் கிராம சபை கூட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப்பேரவை போட்ட தீர்மானத்துக்கு முன்னோடி அதுதான். ஆனால் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. நடைபயணம் புறப்பட்ட ஜனவரி 7 அன்று அந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லை! குழுவை அமைக்க வேண்டியது உள்ளாட்சி என்று சட்டம் சொல்கிறது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் அரசு எதுவானாலும், அது மலையின் காவலையும் சேர்த்தே தள்ளிப்போடுகிறது.

ஆகவே மாநில அரசிடம் நாம் கேட்பவை இவை. ஏழு குன்றுகளின் தண்ணீர் எந்தெந்தக் கண்மாய் வரை போகிறதோ அதுவரைக்கும் பாரம்பரியத் தலத்தின் எல்லையை நீட்டுங்கள். அந்த எல்லையை அளக்கும்போது நீர் பாய்ச்சுபவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். அந்த நிலப்பரப்பு முழுமைக்கும் சேர்த்து ஊர்களின் கூட்டுக் குழு ஒன்றுக்கு ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்குங்கள். வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிடவும், கூடு கட்டும் மாதங்களில் படமெடுப்பவர்களையும் சுற்றுலாக்காரர்களையும் பாறைப் பக்கம் விடாமல் நிறுத்தவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுங்கள். கெடுவுக்காக எழுதிய பதிவேட்டைக் கிராம சபையில் உரக்கப் படித்துத் திருத்தச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது மலைக்கும் கண்மாய்க்கும் வந்த பணம், ஆன செலவு, நடந்த வேலை ஆகியவற்றைக் குழு ஊர் முன்னே வைக்கட்டும்.