கார் உங்களுடையது, கழற்றும் உரிமை யாருடையது?

காரில் முன்பக்கம் பாட்டு இனிமையாகக் கேட்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கோ "கர கர" என்ற சத்தம்தான் கேட்கிறது. பின்பக்க ஸ்பீக்கர் கெட்டுவிட்டது!

கம்பெனிக்கே போக வேண்டுமா? அல்லது, கடையில் நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கி, வீட்டு வாசலில் வைத்து நாமே மாட்டிவிடலாமா?

இது சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி டெல்லி வரை போயிருக்கிறது.

உப்புக் காற்று

செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறை ஊழியர்களின் குடும்பங்கள் வசிக்கும் ஊர் இது. கடல் தூரத்தில் இல்லை. மாமல்லபுரம் கரையோரம் முழுவதும் உப்புக் காற்றுதான்.

உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். பல கார்களில் கம்பெனி மாட்டித் தரும் ஸ்பீக்கரின் கூம்பு காகிதத்தால் ஆனது. ஈரத்தில் அது ஊறும். பின் கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கர் இருந்தால் வெயிலும் சேர்ந்துகொள்ளும். கூம்பின் விளிம்பு வெடித்துவிடும்.

14 கம்பெனிகள்

"வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி கிடையாது" என்ற பேச்சைக் கார் வைத்திருப்பவர்கள் கேட்டிருப்பார்கள். இது சரிதானா?

2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தியப் போட்டி ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்று சொல்லி, 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் சில அப்பீலுக்குப் போயின.

அந்த உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காகவே வாரண்டியை அடியோடு ரத்து செய்யக் கூடாது. ஆனால், தவறான ரிப்பேரால் ஒரு பாகம் கெட்டால், அந்தச் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பு ஏற்க வேண்டியது இல்லை.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம், மத்திய நுகர்வோர் துறை "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. செல்போன், விவசாயக் கருவிகளோடு மோட்டார் வாகனங்களும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன.

அதே மாதத்தில்தான், இதே மாவட்டத்தின் மறைமலை நகரில் இருந்த போர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. ஆலை நின்றாலும், அங்கே செய்த கார்கள் ரோட்டில் ஓடின. ரிப்பேர் செய்யும் உரிமை எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சட்டம் தடுக்கிறதா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஸ்பீக்கர் பற்றிய விவரம் பதிவுப் புத்தகத்தில் கிடையாது. ஆகவே, பழைய ஸ்பீக்கர் இருந்த இடத்தில் அதே அளவில் புதியதை மாட்டுவது இந்தத் தடையில் வராது.

எப்படிச் செய்வது?

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகுதான் மற்ற வேலை.

பழைய ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை "ஓம்" என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 4 ஓம் இருக்கும். புதியதும் அதே அளவு இருக்க வேண்டும். குறைந்த ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மின்சாரம் அதிகம் பாயும். ஸ்டீரியோ சூடாகிக் கெட்டுப் போகலாம்.

பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கனமான ஓசை அடங்கிவிடும்.

கம்பெனி கம்பியை வெட்டவே கூடாது! அதே சாக்கெட்டில் பொருந்தும் இணைப்புக் கம்பி கடையில் கிடைக்கும். வெட்டி முறுக்கி ஒட்டிய கம்பி உரசினால், பியூஸ் போகும், தீயும் பிடிக்கலாம். வாரண்டி தகராறும் அங்கேதான் ஆரம்பம் ஆகும்.

பக்கவாட்டில் "ஏர்பேக்" என்று எழுதிய இடத்தில் கை வைக்காதீர்கள். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

பக்கத்து வீடு

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு விதிகள் வகுத்த அளவு. பாட்டு நம் காருக்குள் இருக்கட்டும். அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கட்டும்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரையும், புதியதன் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கம்பெனி காரணம் இன்றி வாரண்டியை மறுத்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அப்போது அந்த ரசீதுதான் உங்களுக்குச் சாட்சி.